பிராசசர் கூலர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படி உறுதி செய்வது? (ஐ5-12400, 97 டிகிரி காட்டுகிறது)

#1 டிகிரி காபி

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். சென்ற மாதம் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, என் முதல் கணினியை நானே பூட்டி முடித்தேன். பிராசசர் இன்டெல் கோர் ஐ5-12400. அதன் பெட்டியோடு வந்த சிறிய கூலரைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, நண்பர் ஒருவர் தம் பழைய கணினியிலிருந்து கழற்றிக் கொடுத்த டவர் கூலரைப் பொருத்தியிருக்கிறேன். நான்கு ஹீட் பைப்பும் (வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் குழாய்) 120 மில்லிமீட்டர் ஃபேனும் கொண்ட அது, பெட்டியோடு வந்ததைவிடப் பல மடங்கு பெரியது.

சாதாரண வேலைகளில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால், திருமண வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் செய்தபோது ஃபேன் பேரிரைச்சலோடு சுழல ஆரம்பித்தது. என்னவென்று பார்த்தால் வெப்பநிலை 97 டிகிரி. மூன்று மென்பொருள்களில் மூன்று எண்கள் வருகின்றன என்பதால் எதை நம்புவது என்பதே குழப்பம். ஒருவர் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்டை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் லிக்விட் கூலர் வாங்கச் சொல்கிறார், என் மைத்துனர் அறைக்கு ஏசி போடச் சொல்கிறார். பணத்தைச் செலவழிப்பதற்கு முன்னால், இந்தக் கூலர் தன் வேலையைச் செய்கிறதா இல்லையா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

#2 வேகத்தடை

நண்பரே, பதற்றப்பட வேண்டாம். உங்கள் பிராசசருக்கு இன்டெல் குறித்திருக்கும் உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் "தெர்மல் த்ராட்லிங்" என்ற வரிகள் இருக்கும். அவற்றில் எங்கும் "ஆம்" என்று விழவில்லை என்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் உங்களுக்கு முழுதாகக் கிடைக்கிறது என்று பொருள். வீடியோ குறித்த நேரத்தில் முடிகிறதா என்று பாருங்கள். எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பயனில்லை என்பது என் கருத்து.

மூன்று எண்கள் வருவதற்குக் காரணம் எளிது. ஒன்று பிராசசருக்குள் இருக்கும் உணரிகளில் மிகச் சூடானதைக் காட்டுகிறது, மற்றொன்று கோர்களின் சராசரியைக் காட்டுகிறது, மூன்றாவது மதர்போர்டில் சாக்கெட்டுக்கு அருகே இருக்கும் உணரியாக இருக்கக்கூடும். "சிபியு பேக்கேஜ்" என்ற வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ் பிராசசர் வந்தபோது அது உண்மையான வெப்பநிலையோடு 20 டிகிரியைக் கூட்டியே வெளியே சொன்னது. அந்த விவரம் தெரியாமல் கூலரைக் கழற்றிக் கழற்றி மாட்டியவர்களில் நானும் ஒருவன்.

#3 ஈயப்பற்று

வேகத்தடை சொன்னதில் பிழை இல்லை. ஆனால் தம்பி கேட்ட கேள்விக்கு அது விடையும் இல்லை. பிராசசருக்கு ஆபத்து இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. கூலர் தன் தகுதிக்கு வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. பழுதான கூலரோடு 97 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் ஓடிய கணினிகளும் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன, மிக நல்ல கூலரோடு 95 டிகிரியில் ஓடும் கணினிகளும் வந்திருக்கின்றன. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்த்து மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று சொல்லிவிட முடியுமா? வீட்டில் எத்தனை குழாய் திறந்திருக்கிறது, கிணற்றில் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். கூலருக்கும் அப்படித்தான். பிராசசர் அந்த நேரத்தில் எத்தனை வாட் வாங்குகிறது, கூலருக்குள் போகும் காற்று எத்தனை டிகிரி, இந்த இரண்டும் தெரியாத வெப்பநிலை எண்ணால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே, தம்பி, பின்வருமாறு செய்து பாருங்கள். முதலில், சாதாரண அறை வெப்பமானி ஒன்றைக் கேபினெட்டின் முன்புறம், காற்று உள்ளே போகும் இடத்தில் கால் மணி நேரம் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி காட்டும் ஊர் வெப்பநிலை இதற்கு உதவாது. அது வெளியே நிற்கும் வெயிலின் கணக்கு. அடுத்து, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஃபேனை முழு வேகத்தில் ஓடும்படி நிறுத்திவையுங்கள். தானாகக் கூடிக் குறையும்படி விட்டால், கூலரைச் சோதிக்கிறோமா, ஃபேனின் வேக அமைப்பைச் சோதிக்கிறோமா என்பதே தெரியாமல் போய்விடும். பிறகு சினிபெஞ்ச் ஆர்23இல் எல்லாக் கோர்களையும் இயக்கும் பத்து நிமிடச் சோதனையை ஓட்டி, பேக்கேஜ் வெப்பநிலை, பேக்கேஜ் பவர், ஃபேன் சுற்று ஆகிய மூன்றையும் கடைசி இரண்டு நிமிடங்களில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, சோதனை தொடங்கிய முதல் ஐந்து விநாடியில் எண் எந்த அளவுக்குத் தாவுகிறது என்பதையும், சோதனையை நிறுத்திய உடனே எந்த அளவுக்கு விழுகிறது என்பதையும்தான். அந்த இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள். சும்மா இருக்கும் நேரத்து வெப்பநிலையை எழுத வேண்டாம். பத்து வாட் வாங்கும் நேரத்தில் எந்தக் கூலரும் நல்ல கூலர்தான்.

பிரைம்95 பற்றி யாராவது சொல்வார்கள். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட அது, அன்றாட வேலையில் வராத அளவுக்குப் பிராசசரைச் சூடாக்கும். கணினியின் நிலைத்தன்மையைச் சோதிக்க ஏற்றது. தம்பியின் வேலை வீடியோ என்பதால் இங்கே தேவையில்லை.

#4 டிகிரி காபி

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். காற்று உள்ளே போகும் இடத்தில் 34 டிகிரி. ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1,850 சுற்று. சோதனை தொடங்கும் முன்பு பேக்கேஜ் 43 டிகிரியில் இருந்தது. தொடங்கி மூன்று விநாடிக்குள் 86க்குப் போய்விட்டது. அதன் பிறகு மெதுவாக ஏறி, ஐந்தாவது நிமிடத்தில் 97க்கு வந்து அங்கேயே நின்றது. பவர் தொடக்கத்திலிருந்து இறுதி வரை 75 வாட்டை ஒட்டியே இருந்தது. நிறுத்தியதும் இரண்டு விநாடியில் 57க்கு விழுந்தது. த்ராட்லிங் வரிகள் எல்லாவற்றிலும் "இல்லை" என்றே இருக்கிறது.

என் பெயரிலேயே டிகிரி இருப்பதால் நண்பர்கள் கேலி செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

#5 வேகத்தடை

75 வாட்டில் அசையாமல் நின்றதைக் கவனித்தீர்களா? 12400க்கு இன்டெல் சொல்லும் கணக்கின்படி, நீடித்த அளவு 65 வாட். குறுகிய நேரத்துக்கு 117 வாட் வரை போகலாம். அந்தக் குறுகிய நேரம் 28 விநாடி. அந்தக் கணக்கை மதிக்கும் மதர்போர்டாக இருந்தால் சிறிது நேரத்தில் 65க்கு இறங்கியிருக்கும். உங்கள் போர்டு வரம்பைத் திறந்துவிட்டிருக்கிறது. பெரும்பாலான போர்டுகள் அப்படித்தான் வருகின்றன. தவறு என்று சொல்லவில்லை; ஆனால் ஒருவர் 65 வாட்டில் எடுத்த எண்ணையும் மற்றவர் 75 வாட்டில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுவதுதான் இணையத்தில் நடக்கும் கூலர் விவாதங்களில் பாதி.

#6 இரண்டாம் விதி

இயந்திரவியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கைச் சேர்க்கிறேன். பேக்கேஜ் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து, வாட்டால் வகுத்துவிடுங்கள். 97இல் 34 போனால் 63. அதை 75ஆல் வகுத்தால் 0.84. அதாவது, இந்த அமைப்பில் பிராசசர் வாங்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் அறையைவிட 0.84 டிகிரி கூடுகிறது. இதை வெப்பத் தடை என்போம். மின்சாரத்தில் மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்து மின் தடையைக் காண்பதைப் போன்றதே.

இந்த எண்ணின் சிறப்பு, கத்திரி வெயிலில் எடுத்தாலும் மார்கழிக் குளிரில் எடுத்தாலும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும் என்பது. உங்கள் மைத்துனர் சொன்னபடி ஏசி போட்டு அறையை 26 டிகிரிக்குக் கொண்டுவந்தால், 97 என்பது 89 ஆகும். பார்ப்பதற்கு நோய் குணமானதுபோல் இருக்கும். ஆனால் 89இல் 26 போனாலும் அதே 63தான். கூலரிடம் ஒரு மாற்றமும் நிகழ்ந்திருக்காது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த எண்ணை ஒரே பிராசசருக்குள்தான் ஒப்பிட வேண்டும். ரைசன் 5000 வரிசையில் கோர்கள் இருக்கும் சிலிக்கன் துண்டின் பரப்பு சுமார் 80 சதுர மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வெப்பம் வெளியேற வேண்டியிருப்பதால், அதே கூலரை அதே வாட்டில் பொருத்தினாலும் எண் கூடுதலாகவே வரும். அதைக் கூலரின் குற்றமாகக் கொள்ளக் கூடாது. மேலும், மென்பொருள் காட்டும் வாட் என்பது பிராசசர் தானே சொல்லும் கணக்கு. ஓரிரண்டு டிகிரி வேறுபாட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

#7 நள்ளிரவு ரெண்டர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்தக் கணக்கு எனக்கு உதவவில்லையே. என்னுடையது ரைசன் 7 7700எக்ஸ். எல்லாக் கோர்களும் ஓடும்போது எப்போதும் 95 டிகிரி. ஃபேனை மாற்றினேன், 95. கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றினேன், அப்போதும் 95. எதைச் செய்தாலும் அசையாத எண்ணை வைத்துக்கொண்டு நான் எதைக் கழித்து எதை வகுப்பது?

#8 இரண்டாம் விதி

நல்ல கேள்வி. ரைசன் 7000 வரிசை 95 டிகிரியைத் தன் இலக்காகவே வைத்துக்கொண்டு, அங்கே போய்ச் சேரும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படி வடிவமைக்கப்பட்டது; ஏஎம்டியே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் பிராசசருக்கான மின் வரம்பு 142 வாட். அந்த வரம்பை எட்டுவதற்கு முன்பே 95ஐத் தொட்டுவிட்டால், வெப்பநிலை நிலையாக நின்றுகொண்டு வாட்தான் மாறும். ஆகவே உங்களுக்கு அளவுகோல் வாட்டும் கிகாஹெர்ட்ஸும். பக்கப் பலகையைக் கழற்றியபோது வாட் எவ்வளவு கூடியது என்று பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் மீண்டும் ஒருமுறை செய்து பாருங்கள். வேறு வழியும் உண்டு: பயாஸில் 65 வாட் ஈகோ மோடைத் தேர்ந்தெடுத்தால் மின் வரம்பு 88 வாட்டாக இறங்கும், வெப்பநிலையும் 95க்குக் கீழே வந்துவிடும், அதன் பிறகு கழிப்பதும் வகுப்பதும் உங்களுக்கும் பொருந்தும்.

#9 நள்ளிரவு ரெண்டர்

பார்த்தேன். பலகை மூடியிருக்கும்போது 116 வாட், கழற்றினால் 127 வாட். இரண்டிலும் அதே 95 டிகிரி. இத்தனை நாளும் கூலரைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றவாளி முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடிய என் கேபினெட். நன்றி.

#10 ஈயப்பற்று

டிகிரி காபி தம்பி, உங்கள் எண்களுக்கு வருகிறேன். மூன்று விநாடியில் 43 டிகிரி ஏற்றம், நிறுத்தியதும் இரண்டு விநாடியில் 40 டிகிரி இறக்கம். இதுதான் என் சந்தேகத்தைக் கிளப்புகிறது. டவர் கூலர் என்பது அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகம். அது மூன்று விநாடியில் சூடாகாது, இரண்டு விநாடியில் ஆறவும் ஆறாது. தூசி அடைத்திருந்தாலோ, ஃபேன் சோம்பியிருந்தாலோ, கேபினெட்டில் சூடான காற்று தேங்கியிருந்தாலோ, எண் நிமிடக்கணக்கில் நிதானமாக ஏறும்; நிறுத்தினாலும் நிதானமாகவே இறங்கும். தாவி ஏறித் தாவி இறங்குகிறது என்றால், பிராசசரின் மூடிக்கும் கூலரின் அடித்தட்டுக்கும் நடுவில்தான் ஏதோ இருக்கிறது என்று பொருள். ஓரளவு தாவல் எல்லாக் கணினியிலும் இருக்கும். உங்களுடையது மிக அதிகம்.

இரண்டு சோதனைகள் மிச்சம். பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஃபேனில் விரல் படாமல், ஹீட் சிங்கின் தகடுகளைப் பக்கவாட்டில் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் வெப்பம் கூலருக்குள் போகவே இல்லை என்று அர்த்தம்.

#11 டிகிரி காபி

பலகையைக் கழற்றியபோது 95. இரண்டு டிகிரிதான் குறைந்தது. தகடுகள் வெதுவெதுப்பாகத்தான் இருக்கின்றன, ஐயா. பால் ஆற்றி வைத்த டம்ளர் அளவுக்குக்கூடச் சூடு இல்லை. உள்ளே 97 டிகிரி என்று காட்டும் பொருளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் நம்ப முடியவில்லை.

#12 இரண்டாம் விதி

ஈயப்பற்று ஐயாவின் முடிவு சரி, அவர் சொன்ன காரணத்தை மட்டும் மரியாதையோடு திருத்துகிறேன். "வெப்பம் கூலருக்குள் போகவே இல்லை" என்பது நடக்க முடியாதது. பிராசசர் 75 வாட் வாங்கிக்கொண்டு, வெப்பநிலை மேலும் ஏறாமல் 97இல் நிலைத்து நிற்கிறது என்றால், அந்த 75 வாட்டும் வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது. மதர்போர்டு வழியாகச் சிறிதளவு போகலாம். மிச்சமெல்லாம் அந்தத் தகடுகள் வழியாகத்தான் போகிறது. ஆகவே, தகடுகள் வெதுவெதுப்பாக இருப்பது தகடுகளும் ஃபேனும் தம் வேலையை மிக நன்றாகச் செய்கின்றன என்பதற்கான சான்று. தொடர்பைச் சரிசெய்த பிறகு தொட்டுப் பார்த்தாலும் தகடுகள் ஏறத்தாழ இதே சூட்டில்தான் இருக்கும். அப்போது பிராசசர் மட்டும் இறங்கியிருக்கும்.

தடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெப்பநிலை விழும். தகடு சுமார் 45, சிலிக்கன் 97 என்றால், அந்த ஐம்பது டிகிரியும் இடையில் எங்கோ விழுகிறது. ஹீட் பைப்புகள் கெட்டுப்போயிருந்தாலும் இப்படி நேரலாம், ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் கெடுவது அரிது. அடித்தட்டைத்தான் பார்க்க வேண்டும்.

#13 ஈயப்பற்று

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. முப்பது வருடமாக வாடிக்கையாளர்களிடம் "சூடு மேலே ஏறல" என்றே சொல்லிப் பழகிவிட்டது. கை சொன்னது சரியாக இருந்திருக்கிறது, வாய் சொன்னதுதான் தவறு.

தம்பி, கழற்றுங்கள். ஆனால் கழற்றுவதற்கு முன்பு சில நிமிடம் கணினியை வேலை செய்ய விட்டுச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கூலரை மெதுவாக இடமும் வலமும் திருகி எடுங்கள். பேஸ்ட் இளகியிருந்தால் எளிதில் வரும். எடுத்ததும் துடைத்துவிடாதீர்கள். அடித்தட்டில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளை உரிக்க மறந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பழைய கூலர் என்பதால் இருக்காது, ஆனால் நான் அனுபவசாலிகளிடமே பார்த்திருக்கிறேன். பிறகு பேஸ்ட் படிந்திருக்கும் தடத்தைப் பாருங்கள். நல்ல அழுத்தம் கிடைத்த இடத்தில் பேஸ்ட் பிதுங்கி ஓரத்துக்குப் போய், நடுவில் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கும். அழுத்தம் கிடைக்காத இடத்தில் நீங்கள் வைத்தபடியே கனமாக உட்கார்ந்திருக்கும்.

அலமாரியில் இருக்கும் பெட்டிக் கூலரை அதற்குப் பிறகு பொருத்தி, அதே சோதனையை ஓட்டுங்கள். ஒப்பிடுவதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நான்கு முளைகளையும் குறுக்குமறுக்காக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் "டக்" என்று கேட்க வேண்டும். போர்டின் பின்பக்கத்தில் நான்கும் முழுதாக வெளியே வந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

#14 பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம் அண்ணாமார். இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்து வருகிறேன். எனது கணனியில் ரைசன் 7 5800எக்ஸ் உள்ளது. நான்கு வருடமாக 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் பாவிக்கிறேன். சென்ற கிழமை முதல் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே 80 டிகிரிக்குப் போகிறது. வேலை கொடுத்தால் சில விநாடிகளில் 90ஐத் தொட்டு வேகம் குறைந்துவிடுகிறது. இதுவும் தாவி ஏறும் வகைதான். அப்படியென்றால் எனக்கும் பேஸ்ட் பிரச்சினையா?

#15 ஈயப்பற்று

தம்பி, லிக்விட் கூலரில் தாவி ஏறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு: பம்ப் ஓடாமல் இருப்பது. அடித்தட்டில் இருக்கும் சிறிதளவு திரவம் சில விநாடிகளில் கொதிக்கிற நிலைக்கு வந்துவிடும், ரேடியேட்டரோ குளிர்ந்தே கிடக்கும். பயாஸில் பம்பின் சுற்று எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். சுற்று காட்டினாலும் நம்பிவிடாமல், கணினி வேலை செய்யும்போது இரண்டு குழாய்களையும் இரண்டு கைகளால் பிடித்துப் பாருங்கள். ஒன்று சுட்டு, மற்றொன்று குளிர்ந்திருந்தால் திரவம் ஓடவில்லை.

#16 இரண்டாம் விதி

கணக்கும் அதையே சொல்கிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடினால், 100 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்ல அதன் வெப்பநிலை ஒன்றரை டிகிரிகூட உயர வேண்டியதில்லை. நல்ல நிலையில் இருக்கும் கூலரில் போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் உணரவே முடியாது. உணர முடிகிறது என்றால் ஓட்டம் குறைந்துவிட்டது.

#17 பனங்கூடல்

ஒன்றைப் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடு, மற்றையது சாதாரணம். பம்பின் இணைப்பை ஆராய்ந்தபோது, அதைச் சாதாரண கேபினெட் ஃபேன் முனையில் கொழுவியிருந்தது தெரிந்தது. வெப்பநிலைக்கு ஏற்ப அந்த முனை மின்னழுத்தத்தைக் குறைத்துக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முழு வேகத்தில் ஓடும் முனைக்கு மாற்றியும் பம்ப் எழும்பவில்லை. உயிர் போய்விட்டது. உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை என்பதால் வாங்கிய இடத்தில் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை பழைய காற்றுக் கூலர் ஒன்றைப் பாவிப்பேன். பேஸ்ட் வாங்கக் கடைக்குப் புறப்பட்டவனை நிறுத்தியமைக்கு நன்றி.

#18 டிகிரி காபி

கழற்றினேன். கண்ணாடித் தாள் இல்லை. ஆனால் நான் நடுவில் பட்டாணி அளவு வைத்த பேஸ்ட், பத்துப் பைசா நாணய அளவுக்குக்கூடப் பரவவில்லை. கனமாக அப்படியே உட்கார்ந்திருந்தது. ஓரங்களில் உலோகம் உலோகமாகவே இருந்தது.

பெட்டிக் கூலரைப் பொருத்தி, அதே 34 டிகிரி அறையில், ஃபேனை முழு வேகத்தில் விட்டு ஓட்டினேன். 74 வாட்டில் 84 டிகிரி. கழித்து வகுத்தால் 0.68. உள்ளங்கை அளவுள்ள அலுமினியத் துண்டு, நான்கு ஹீட் பைப் டவரைவிட 13 டிகிரி குறைத்துக் காட்டுகிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

திருகுகளை முடிந்த வரை இறுக்கித்தான் வைத்திருந்தேன். இனி என்ன செய்வது?

#19 வேகத்தடை

அந்த நண்பரின் பழைய கணினி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது? கூலரைப் போர்டில் பூட்ட அவர் கொடுத்த சட்டம், உங்கள் பிராசசர் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கு உரியதுதானா?

#20 டிகிரி காபி

பத்தாம் தலைமுறை ஐ5. சட்டத்தில் 115எக்ஸ், 1200 என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் என் மதர்போர்டின் துளைகளில் சரியாகப் பொருந்தியதே? சாக்கெட்டைச் சுற்றி ஒவ்வொரு மூலையிலும் இரண்டிரண்டு துளைகள் இருந்தன, ஒன்றில் உட்கார்ந்தது.

#21 வேகத்தடை

கிடைத்துவிட்டது. எண்ணைப் பார்க்காதீர்கள் என்று முதலில் சொன்னவன் நான். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

2009இல் வந்த எல்ஜிஏ1156 தொடங்கி எல்ஜிஏ1200 வரை, துளைகளுக்கு இடையிலான தூரம் 75 மில்லிமீட்டராகவே இருந்தது. அதனால் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரே கூலரை எல்லாவற்றிலும் மாட்டிப் பழகிவிட்டோம். 2021இன் இறுதியில் 12ஆம் தலைமுறையோடு வந்த எல்ஜிஏ1700இல் அது 78 மில்லிமீட்டர் ஆனது. பழைய கூலர் வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று சில போர்டுகளில் இரண்டு தூரத்துக்கும் துளை போட்டார்கள். தூரம் மட்டும் மாறியிருந்தால் அந்த உதவி போதும். பிராசசரின் உயரமும் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டது. பழைய சட்டத்தின் தூண்கள் பழைய உயரத்துக்குச் செய்யப்பட்டவை. திருகு கடைசி வரை இறங்கி முட்டிக்கொள்ளும், கைக்கு இறுக்கமாகவே தெரியும். ஆனால் அடித்தட்டு பிராசசரை அழுத்தாமல் சும்மா மேலே மிதந்துகொண்டிருக்கும். இடைவெளியை நிரப்பியது உங்கள் பேஸ்ட் மட்டும்தான்.

எல்ஜிஏ1700க்கான சட்டத்தைத் தனியாக வாங்க முடியும். சில கூலர் நிறுவனங்கள் கேட்டால் இலவசமாகவும் அனுப்புகின்றன. வாஷர் வைத்துச் சமாளிக்கும் காணொளிகளும் இருக்கின்றன. கூலரின் விலை போனால் போகட்டும். அழுத்தம் மிகுந்து சாக்கெட் ஊசிகள் வளைந்தால் போர்டே போய்விடும் என்பதால் அந்த வழி வேண்டாம்.

#22 இரண்டாம் விதி

இந்தச் சாக்கெட்டின் பூட்டு, பிராசசரின் மூடியை நடுவில் சற்றே வளைத்துவிடும் என்று படித்துவிட்டு, அதற்கென விற்கும் மாற்றுச் சட்டகத்தையும் சேர்த்து வாங்கக் கை பரபரக்கும். உங்கள் 75 வாட் பிராசசரில் அதனால் கிடைப்பது நாம் அளக்கும் பிழை வரம்புக்குள் அடங்கிவிடும். முதலில் சரியான சட்டத்தை மட்டும் மாற்றுங்கள்.

#23 டிகிரி காபி

பன்னிரண்டு நாள் காத்திருந்து எல்ஜிஏ1700 சட்டம் வந்து சேர்ந்தது. பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக வைத்து, திருகுகளைக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்கினேன். அறை 34 டிகிரி, ஃபேன் 1,850 சுற்று. தொடங்கியதும் 58க்குப் போய், ஆறாவது நிமிடத்தில் 69இல் நின்றது. பவர் 72 வாட். கணக்கு 0.49. தகடுகளைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டாம் விதி ஐயா சொன்னபடி, முன்பு இருந்த அதே வெதுவெதுப்புதான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அதே சோதனைக்கு முன்பு 75 வாட், இப்போது ஏன் 72?

#24 இரண்டாம் விதி

சிலிக்கன் சூடாக இருக்கும்போது அதில் கசியும் மின்னோட்டம் கூடும். 97இல் இருந்தபோது அந்த மூன்று வாட், எந்த வேலையும் செய்யாமல் சூடாக மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

#25 ஈயப்பற்று

தம்பி, இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, தேதியோடு பக்கப் பலகையின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். ஆயுத பூஜைக்கு எப்படியும் கணினியைத் துடைத்துப் பொட்டு வைப்பீர்கள். துடைப்பதற்கு முன்பு ஒருமுறை, துடைத்த பின்பு ஒருமுறை, இதே சோதனையை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

#26 டிகிரி காபி

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். ஐயா சொன்னபடி ஆயுத பூஜைக்கு முதல் நாள் சோதனையை ஓட்டினேன். 72 வாட்டில் 68 டிகிரி. ஒட்டிவைத்த தாளில் 69 என்று இருந்ததால், கூலர் இன்னும் நன்றாகிவிட்டது என்று மகிழ்ந்து கணினியை அணைக்கப் போனேன். பிறகுதான் முன்பக்கம் வைத்திருந்த வெப்பமானி கண்ணில் பட்டது. நான்கு நாள் மழையில் அறை 29 டிகிரிக்கு இறங்கியிருந்தது. கழித்து வகுத்தால் 0.54.

பலகையைத் திறந்தேன். தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் கம்பளி விரித்ததுபோல் தூசி. ஃபேன் இறக்கைகள் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, தூரிகையாலும் ஊதுகுழலாலும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஓட்டினேன். 72 வாட், 64 டிகிரி. தாளில் இரண்டாவது வரியாக 0.49 என்று எழுதி, அதே இடத்தில் மீண்டும் ஒட்டிவிட்டேன்.